முயலும் மூக்கடைப்பும்

வீட்டில் ஒருவர் ஓயாமல் தும்முகிறார். கண் சிவந்து நீர் வடிகிறது. நள்ளிரவில் இளைப்பு வந்து எழுந்து உட்காருகிறார். அதே வீட்டில் முயல் ஒன்றும் வளர்கிறது. இவ்விரண்டு செய்திகளையும் கேட்ட மாத்திரத்திலேயே அண்டை அயலார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்: "முயலால்தான்!" முயலை வளர்ப்பவரோ, "முயலால் இல்லவே இல்லை!" என்று அடித்துப் பேசுகின்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தவனைப் பற்றிய பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். இந்த வழக்கில் இரு தரப்பாரும் அவனுடைய உறவினர்களே. காலை எண்ணிப் பார்க்க ஒருவரும் முன்வருவதில்லை.

எண்ணிப் பார்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். விஞ்ஞானம் பயிலும் மாணவன் என்ற முறையிலும், இத்தகைய வழக்கு நடக்கும் வீட்டில் பிறந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் துறைகளில் சேர விரும்பும் நண்பர்களுக்கும் இது பயன்படும். ஆய்வுக்கூட விலங்குகளுடன் நாள்தோறும் பழகுவோரில் சிலருக்கு முதல் சில ஆண்டுகளிலேயே ஒவ்வாமை தோன்றுவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி.

சொல்லும் பொருளும்

'அலர்ஜி' என்ற சொல்லை 1906 ஆம் ஆண்டில் படைத்தவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே. 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஒரு பொருளை ஒரு முறை சந்தித்த உடல், மறுமுறை அதனிடம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் கருத்து. தமிழில் நாம் 'ஒவ்வாமை' என்கிறோம். பிறருக்குத் தீங்கு செய்யாத பொருள் ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது போவதை இச்சொல் தெளிவாகக் காட்டுகிறது.

அதற்கு முன்பே, 1873 ஆம் ஆண்டில், மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி ஓர் அரிய ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தார். கோடையில் வரும் தும்மல் நோயை அக்காலத்தார் 'வைக்கோல் காய்ச்சல்' என்றே அழைத்தனர். அந்நோய் அவருக்கும் இருந்தது. அவர் தம் தோலைக் கீறி, அதில் புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். அவ்விடம் தடித்து அரித்தது. நோய்க்குக் காரணம் காய்ந்த புல்லின் வாசனையன்று, பூத்த புல்லின் மகரந்தமே என்பது புலனாயிற்று. இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் தோல் சோதனைக்கு இதுவே முன்னோடி.

உடலின் தப்புக் கணக்கு

நம் உடலுக்குள் காவற்படை ஒன்று உண்டு. நோய்க் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பது அதன் பணி. சிலருடைய உடலில் இப்படை ஒரு தப்புக் கணக்குப் போடுகிறது. தீங்கற்ற புரதம் ஒன்றைப் பகைவன் என்று கருதி, அதற்கெனத் தனியாக எதிர்ப்பொருளை உண்டாக்கி வைக்கிறது. இந்த எதிர்ப்பொருளை 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் கண்டறிந்தவர்கள் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் ஆவர். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் தனியே இதைக் கண்டனர். 1968 ஆம் ஆண்டில் 'இம்யுனோகுளோபுலின் ஈ' என்ற பெயர் நிலைபெற்றது.

இந்த எதிர்ப்பொருள் மூக்கிலும் கண்ணிலும் மூச்சுக்குழலிலும் உள்ள 'மாஸ்ட்' உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் வந்து தொட்டதும் அவ்வுயிரணுக்கள் 'ஹிஸ்டமின்' முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, நீர்வடிதல் எல்லாம் தொடங்கிவிடும்.

இங்கே இரண்டு உண்மைகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒவ்வாமை முதல் சந்திப்பில் வருவதில்லை. "இரண்டு வருஷமாக முயல் இருக்கிறது, இப்போது மட்டும் எப்படி வரும்?" என்ற வாதம் ஆகவே செல்லாது. மற்றொன்று, சிலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது தாக்குதல் வரும். மாலையில் முயலோடு விளையாடியவருக்கு நள்ளிரவில் இளைப்பு வரலாம். "தொட்டபோது ஒன்றும் ஆகவில்லையே" என்பதும் அதனால் முடிவான சாட்சியாகாது.

மயிரா, எச்சிலா?

"முயலின் மயிர் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும்" என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. மயிர் பெரிய பொருள். அது மூச்சுக்குழலின் ஆழத்திற்குப் போவதில்லை. குற்றம் மயிரில் இல்லை, அதன் மேல் பூசப்பட்டிருக்கும் புரதங்களில் இருக்கிறது. முயல் நாள் முழுதும் தன்னை நக்கித் துப்புரவு செய்துகொள்ளும் பிராணி. அதன் எச்சிலில் உள்ள புரதம் மயிரில் காய்கிறது. உதிரும் தோல் துகளிலும் சிறுநீரிலும் இத்தகைய புரதங்கள் உள்ளன. காய்ந்தபின் இவை நுண்துகள்களாகிக் காற்றில் மிதக்கின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அத்தகைய மைக்ரான்கள் சிலவே அளவுள்ள துகள்கள் மூச்சுக்குழலின் சிறு கிளைகள் வரை செல்ல வல்லவை.

வளர்ப்பு முயலின் விஞ்ஞானப் பெயர் ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ். அப்பெயரின் எழுத்துகளைக் கொண்டே அதன் ஒவ்வாமைப் புரதங்களை 'ஓரி சி 1', 'ஓரி சி 3' என்று வரிசைப்படுத்தியிருக்கின்றனர். எந்த இனத்து முயலும் இத்தகைய புரதங்கள் இல்லாமல் பிறப்பதில்லை. "மயிர் குறைந்த இனம், ஒவ்வாமை வராது" என்று விற்பவர் சொன்னால், அது வியாபாரப் பேச்சு என்று கொள்க.

ஐயத்திற்குரிய மற்றவர்கள்

முயல் வளரும் வீட்டில் முயல் மட்டுமா இருக்கிறது? அதனோடு வந்து சேர்ந்தவர்களையும், அதற்கு முன்பே குடியிருந்தவர்களையும் விசாரிக்க வேண்டாமா?

முதலாவது புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. அவை தேயவும் குடல் இயங்கவும் புல்லும் உலர்புல்லும் இன்றியமையாதன. ஆனால் பூத்தபின் அறுத்த புல்லில் மகரந்தம் இருக்கும். ஈரத்தில் கிடந்த உலர்புல்லில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அருகம்புல்லின் மகரந்தமும் ஒவ்வாமை தரும் மகரந்தங்களில் ஒன்றே. சாலையோரம் அறுத்த புல்கட்டில் பார்த்தீனியச் செடி கலந்திருக்கவும் கூடும். 1950களின் நடுவில் நம் புனே நகரில் கவனிக்கப்பட்டு, பின்பு நாடெங்கும் பரவிய அக்களை, தோலுக்கும் மூக்குக்கும் ஒருங்கே பகை.

இரண்டாவது, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர் நம் தோல் துகளைத் தின்று வாழ்வது; மழைக்கால ஈரத்தில் பெருகுவது. முயல் வருமுன்பே அது நம் வீட்டில் குடியிருக்கிறது.

மூன்றாவது, கூண்டைச் சுத்தம் செய்யாததால் எழும் அமோனியா நெடி. இது ஒவ்வாமை அன்று. ஆனால் எவருடைய மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். இளைப்பு உள்ளவரை இன்னும் அதிகமாக வாட்டும்.

நான்காவது, தோல் நோய்கள். முயலைத் தூக்குபவரின் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்பு வந்தால், அது முயலின் மயிரில் வாழும் உண்ணியாகவோ, முயலிடமிருந்து தொற்றிய படர்தாமரையாகவோ இருக்கலாம். இவற்றுக்கு மருந்து முயலுக்கும் வேண்டும், மனிதனுக்கும் வேண்டும்.

எங்கள் வீட்டு வழக்கு

என் தந்தையார் வேலையின் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமையை விட்டு இந்நகருக்கு வந்தவர். எங்களுடையது இரண்டே அறை கொண்ட வீடு. பத்து வயதுத் தங்கை இரண்டு முயல்களை வளர்க்கிறாள். பதினான்கு வயதுத் தம்பிக்குச் சென்ற மழைக்காலத்தில் தும்மலும் இரவு இளைப்பும் தொடங்கின. அண்டை வீட்டார் சொல்லைக் கேட்டு, "முயல்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்" என்றார் அம்மா. அன்றிரவு தங்கை சாப்பிடவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தம்பியின் இளைப்பு நின்றுவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். உண்மையில் அது நிற்கவில்லை. தங்கையின் முயல்கள் தன்னால் போய்விடக் கூடாது என்று அவன் இரவில் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமலை அடக்கியிருக்கிறான். மூச்சு முட்டும்போது கழிவறைக்குப் போய் நின்றிருக்கிறான். தங்கைதான் இதைக் கண்டு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

விசாரணையின்றித் தண்டனை என்று அறிவித்துவிட்டால் நோயாளியே நோயை மறைக்கத் தொடங்குகிறான். மறைக்கப்பட்ட இளைப்பு ஆபத்தானது. ஆகவே வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது இது: "என்ன செய்கிறது என்பதை ஒளிக்காமல் சொல். எதையும் ஆராயாமல் முடிவு செய்யமாட்டோம்." அப்பாவின் வாயால் இதைச் சொல்ல வைத்த பிறகே தம்பி வாய் திறந்தான்.

சோதனைகள் சொல்வதென்ன?

டாக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரக் குறிப்பு எழுதுவது நல்லது. எப்போது தும்மல், எப்போது இளைப்பு, அதற்கு எட்டு மணி நேரத்திற்குள் என்னென்ன நடந்தன, யார் கூண்டைத் துப்புரவு செய்தார், யார் புல்லை உதறினார், மழையா வெயிலா, எங்கே படுத்தார் என்று குறிக்க வேண்டும். மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்க் கருவி மருந்துக் கடையில் கிடைக்கிறது. காலையும் மாலையும் மும்முறை ஊதி, அவற்றுள் பெரிய எண்ணை எழுதி வைக்கலாம். இது பொய் சொல்லாத சாட்சி.

தோல் சோதனையில் ஐயத்திற்குரிய பொருள்களின் சாற்றை முன்கையில் ஒவ்வொரு துளியாக வைத்து ஊசி முனையால் மெல்லக் குத்துவர். 15 அல்லது 20 நிமிடத்தில் எழும் தடிப்பை அளப்பர். வெறும் நீர்மத்தை வைத்த இடத்தைக் காட்டிலும் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் அப்பொருளுக்கு உடல் எதிர்ப்புக் காட்டுகிறது என்பது பொருள். தும்மலுக்கான மாத்திரை உண்டிருந்தால் தடிப்பு எழாது. ஆதலின் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இரத்தத்திலும் அந்தந்தப் பொருளுக்குரிய எதிர்ப்பொருளை அளக்கலாம்.

இச்சோதனைகளின் எல்லையையும் அறிய வேண்டும். தடிப்பு எழுவது, உடல் அப்பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்பதற்கே சான்று. நோய்க்குக் காரணம் அதுவே என்பதற்கு முழுச் சான்றன்று. எந்தத் தொல்லையும் இல்லாதவர் கையிலும் தடிப்பு எழுவதுண்டு. நோட்டுப் புத்தகமும் சோதனையும் ஒத்துப் போகும்போதுதான் காரணம் உறுதிப்படுகிறது.

தம்பியின் கையில் தூசிப் பூச்சிக்கு 7 மில்லிமீட்டரும், அருகம்புல்லுக்கு 6 மில்லிமீட்டரும், முயலுக்குச் சரியாக 3 மில்லிமீட்டரும் தடித்தன. அம்மாவின் கட்சியும் வெல்லவில்லை. தங்கையின் கட்சியும் வெல்லவில்லை. முயல் குற்றமற்றது என்று விடுவிக்கவும் இயலாது. அதுவே முதற் குற்றவாளி என்று சொல்லவும் இயலாது.

"முயலை நான்கு நாள் வேறு வீட்டில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று சிலர் யோசனை கூறுவர். தெரியாது. பூனையை வெளியேற்றிய வீடுகளை ஆராய்ந்தவர்கள், அதன் புரதம் தரையிலும் மெத்தையிலும் தங்கி, போதிய அளவு குறைவதற்கு நான்கு, ஐந்து மாதங்கள் கூட ஆகின்றன என்று கண்டனர். முயல் போனாலும் அதன் துகள் உடனே போவதில்லை என்றே எதிர்பார்க்க வேண்டும். அதைவிட, நோயாளி இரண்டு மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்கி, நோட்டுப் புத்தகத்தைத் தொடர்வது மேலான சோதனை. ஆனால் அங்கே மெத்தையும் புல்லும் கூட மாறுகின்றன என்பதை மறத்தலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலில் மூச்சு, மற்றவை பிறகு. டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். "இன்ஹேலர் பிடித்தால் பழக்கமாகிவிடும்" என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இன்ஹேலரில் செல்லும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது; அது வேண்டிய இடத்திற்கே நேராகப் போகிறது; போதைப் பொருள் போல் அடிமைப்படுத்துவதில்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் தணியாவிட்டாலோ, கஷாயம் வைத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடுத்து, படுக்கையறை. நாளில் எட்டு மணி நேரம் நாம் மூச்சு விடும் இடம் அது. முயல் அங்கே ஒருபோதும் நுழையக் கூடாது. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போட்டு, விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

மூன்றாவது, விளக்குமாற்றுக்கு ஓய்வு. பெருக்கினால் தரையில் அடங்கிய துகள் மேலே எழும். ஈரத் துணியால் துடைப்பதே சிறந்தது. கூண்டைத் துப்புரவு செய்வதும், புல்லை உதறுவதும், முயலுக்கு மயிர் வாரிவிடுவதும் ஒவ்வாமை இல்லாதவர் செய்ய வேண்டிய வேலைகள். அதுவும் வீட்டுக்கு வெளியே. செய்தபின் கை கழுவி உடை மாற்றிக்கொள்ள வேண்டும். பூக்காத பசும்புல்லை அலசிக் கொடுப்பதும், உலர்புல்லைச் சிறிது நீர் தெளித்து உடனே கொடுப்பதும் தூசியைக் குறைக்கும். நுண்துகள் வடிகட்டும் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓரளவு உதவும். அது மட்டும் போதாது.

முயலுக்கும் நியாயம் வேண்டும். துகளைப் போக்குவதாக எண்ணி அதைக் குளிப்பாட்டக் கூடாது. நனைந்த முயலுக்குக் குளிர் கண்டுவிடும். மிரண்டு உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளவும் கூடும். வெளியே வைப்பதாகச் சொல்லி வெயில் காயும் மாடியில் கூண்டை வைப்பதும் கொடுமையே. முயலுக்கு வேர்ப்பதில்லை; புனேயின் ஏப்ரல், மே மாத வெயிலை அது தாங்காது. நிழலும் காற்றும் உள்ள தாழ்வாரமே ஏற்ற இடம்.

நாங்கள் வீட்டில் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். மூன்று மாதம் மேற்சொன்ன யாவற்றையும் செய்வது. மூச்சுக் கருவியின் எண்ணை நாள்தோறும் எழுதுவது. மருந்து எடுத்தும் மாதத்தில் இரண்டு இரவுக்கு மேல் இளைப்பு எழுப்பினால் முயல்களை அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டில் ஒப்படைப்பது. எண்ணை எழுதும் பொறுப்பைத் தங்கையிடமே கொடுத்தோம். முதல் மாதத்தில் மூன்று இரவு. இரண்டாம் மாதத்தில் ஒன்று. மூன்றாம் மாதம் இப்போது நடக்கிறது. கெடு முடிந்ததும் எண்ணே முடிவு சொல்லும். அம்மா இப்போது முயல்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, மெத்தை உறையைத் துவைப்பதில் முனைந்திருக்கிறார்.

அனுப்பத்தான் வேண்டுமென்றால்

சில வீடுகளில் ஆராய்ச்சியின் முடிவு முயலுக்கு எதிராகவே வரும். மருந்தும் துப்புரவும் செய்த பிறகும் இளைப்பு தணியாது. சோதனையும் குறிப்பும் ஒன்றையே காட்டும். அப்போது தயங்கக் கூடாது. மூச்சா, முயலா என்ற நிலை வந்தால் மூச்சே முக்கியம். ஒவ்வாமை ஊசி மருத்துவம் மகரந்தத்திற்கும் தூசிப் பூச்சிக்கும் நன்கு ஆராயப்பட்டது. 1911 ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் லியனார்டு நூன் தொடங்கிய வழி அது. முயலுக்கு அந்த அளவு சான்று சேரவில்லை.

ஆனால் அனுப்புவது வேறு, காட்டில் விடுவது வேறு. தமிழில் இரண்டையும் 'முயல்' என்றே சொல்வதால் பலர் ஏமாறுகின்றனர். நம் காட்டு முயல் தனி இனம். அதன் குட்டி கண் திறந்து மயிரோடு பிறக்கும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பதே குற்றம். கூண்டில் வளரும் குழிமுயலோ ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. குருடாய், மயிரின்றிப் பிறப்பது. அதைப் புதர்க்காட்டில் விட்டால் முதல் இரவிலேயே நாய்க்கு இரையாகும். பராமரிக்கத் தெரிந்த வேறொரு வீடே அதற்கு உரிய இடம். வளர்த்த குழந்தை போய்ப் பார்த்து வரத் தக்க தொலைவில் அவ்வீடு இருந்தால் இன்னும் நன்று. திரும்பியதும் உடை மாற்றிக்கொண்டால் போதும்.

நண்பர்களே! வெளியூரில் சிறு வீடுகளிலும் விடுதி அறைகளிலும் வாழும் நமக்கு, நோயாளியும் செல்லப் பிராணியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது தவிர்க்க இயலாதது. விடுமுறைக்கு வீடு செல்லும்போது இத்தகைய வழக்கு உங்கள் முன் வரலாம். படித்த பிள்ளை என்று உங்களிடம் தீர்ப்புக் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்ல விரையாதீர்கள். நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்; டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்; முடிவுக்கு ஒரு கெடு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இருமுகிற பிள்ளை அஞ்சாமல் இருமும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.